எதிர்வீட்டு ஒன்பதாம் மாலை

எங்கள் ஊர்ச் சனத்தைப் பற்றி நான் பெருமை பேசத் தொடங்கினால் என் கணவர் எழுந்து குசினிக்குள் போய்விடுவார். போகட்டும். யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கரையில் பிறந்து, பாதி வாழ்க்கையைப் பாரிஸில் லா சப்பல் தெருவில் கழித்தவள் நான். அந்தப் பெருமையையும் விட்டுவிட்டால் எனக்கு வேறு என்னதான் இருக்கிறது? எங்களிடம் குறை இல்லையா என்று கேட்டால், தாராளமாக உண்டு. இரண்டு பேராவது முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தால்தான் அது எங்கள் ஊர்க் கலியாண வீடு. ஆனால் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டு அடுப்பை மூட்ட நாங்கள் விடமாட்டோம். அதில் எங்களை மிஞ்ச ஆளில்லை.

செத்த வீட்டில் உலை வைப்பதில்லை. சுற்றியுள்ள வீடுகள் முறை வைத்துச் சமைத்துக் கொண்டுபோகும். எல்லாம் சைவச் சாப்பாடு. எட்டாம் நாள், இறந்தவர் ஆசையாகச் சாப்பிட்ட மீன், இறைச்சி என்று மச்சம் எல்லாவற்றையும் சமைத்துப் படைப்போம். எட்டுச் செலவு என்று சொல்வோம். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் மச்சம் வாயில் படும். பாரிஸுக்கு வந்தும் இதை நாங்கள் விடவில்லை. சோற்றுச் சட்டியைத் துவாயால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு நான் எத்தனையோ தடவை மெத்ரோவில் போயிருக்கிறேன். ரச வாசம் பொறுக்காமல் பக்கத்தில் இருந்தவர் எழுந்துபோனதும் உண்டு. நல்லதுதான், கால் நீட்டி இருக்க இடம் கிடைத்தது.

இந்த விசயத்தில் எங்களுக்கெல்லாம் தலைவி கார்ஜ் அக்கா. பாரிஸுக்கு வெளியே கார்ஜ் லே கொனெஸில் இருப்பதால் அந்தப் பெயர். எங்கள் ஊர்தான், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூப்பு. யாருக்கு எத்தனை நாள் தீட்டு, துடக்கு, யார் எப்போது தலை முழுகவேண்டும், எந்த வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், எந்த வீட்டில் கூடாது என்பதெல்லாம் அக்காவின் நாக்கு நுனியில் இருக்கும். எந்தச் செத்த வீட்டுக்கும் அக்கா வெறுங்கையோடு போனதில்லை. பெரிய சுடுநீர்ப் போத்தலில் மல்லித்தண்ணி, இரண்டு பையில் சாப்பாடு, ஏறுகிற இடம் கார்ஜ், இறங்குகிற இடம் எங்கே சாவோ அங்கே. அக்கா ஒன்றைச் செய்தால் ஊர்ச்சனம் முழுக்கச் செய்யும். அக்கா முகத்தைச் சுளித்தால் ஒருவரும் அந்தப் பக்கம் போகமாட்டார்கள்.

நாங்கள் இருப்பது லா சப்பலுக்குப் பக்கத்தில் மார்க்ஸ் டோர்மோயில், ஒரு பழைய கட்டிடத்தின் நாலாம் மாடியில். எங்கள் வீட்டில் ஏதாவது விசேசம் என்றால் வாசலில் தொடங்கிய செருப்புகள் படிக்கட்டு வரைக்கும் போய்விடும். கட்டிடத்தைப் பார்த்துக்கொள்கிற கார்தியேன் அம்மா மேலே வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, இது வீடா சப்பாத்துக் கடையா என்று கேட்பார். நான் ஒரு வடையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவேன். இத்தனை வருடமாக எங்களுக்குள் அதுதான் ஒப்பந்தம்.

எங்கள் வாசலுக்கு நேர் எதிர் வாசல் ஒரு மெக்சிக்கோக்காரியுடையது. நாற்பதை ஒட்டிய வயது, தனி ஆள். விடியற்காலையில் ஓர் அலுவலகத்தில் துப்புரவு வேலை, மத்தியானத்திலிருந்து ஒரு பிள்ளைகள் காப்பகத்தில் வேலை. அவளை நான் முதலில் பார்த்தது படியில் அல்ல, நான் வேலை செய்கிற கடையில். ரோல்ஸ், வடை, பற்றிஸ் விற்கிற சின்னக் கடை. ஒரு பக்கத்தில் மரக்கறியும் இருக்கும். வந்தவள் பச்சைமிளகாய்க் கூடையில் ஒன்றை எடுத்து, என் முகத்தைப் பார்த்தபடியே கடித்து மென்றாள். கண்ணில் நீர் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. "பரவாயில்லை" என்றாள். எங்கள் மிளகாயைப் பார்த்துப் பரவாயில்லையாம்! எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. அன்று பின்னேரம் படியேறும்போதுதான் தெரிந்தது, மூன்று மாதமாக எதிர்வீட்டில் இருப்பதே அவள்தான் என்று.

அதற்குப் பிறகு எங்களைப் பிரிக்க முடியவில்லை. நாங்கள் இருவரும் பேசுகிற பிரெஞ்சைப் பிரெஞ்சுக்காரர் கேட்டால் அழுதுவிடுவார்கள். எங்களுக்கு அது தாராளமாகப் போதுமாக இருந்தது. கடையில் எல்லோரும் என்னை அக்கா என்று கூப்பிடுவதைக் கேட்டு அவளும் அக்கா என்றே கூப்பிட்டாள். மாங்காயை வெட்டி உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு, தேசிக்காய் பிழிந்து கொண்டுவருவாள். இதை உனக்கு யார் சொல்லித் தந்தது என்று கேட்டால், அதையே என்னிடம் திருப்பிக் கேட்பாள்.

அவளுடைய ஊரும் கடற்கரை ஊர். சூடான வளைகுடாக் கரையாம். விடிய வலை இழுக்கும்போது கயிற்றில் கை வைத்தவர்களுக்கெல்லாம் மீனில் பங்கு உண்டாம். வழிப்போக்கன் என்றாலும், சும்மா வேடிக்கை பார்க்க வந்து கை கொடுத்தவன் என்றாலும் வெறுங்கையோடு அனுப்பமாட்டார்களாம். கரைவலையைப் பற்றி எனக்கே கதை சொல்கிறாளே என்று சிரித்தேன். அவர்களுடைய புனிதரை வருடத்தில் ஒரு நாள் படகில் ஏற்றி, மற்றப் படகுகளெல்லாம் பின்னால் வர, கடலுக்குள் கொண்டுபோவார்களாம். எங்கள் சாமியும் கடலுக்குத் தீர்த்தமாடப் போகும் என்றேன். "உங்களுடையது படகில் போகுமா?" என்று கேட்டாள். "நடந்து போகும், தோளில்" என்றேன். ஏதோ அதில் தான் வென்றுவிட்டதுபோலத் தலையை ஆட்டினாள்.

ஆனால் உண்மையான சண்டை கூழில்தான். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவை ஊறவைத்துக் கசப்பு நீக்கி, நண்டும் இறாலும் மீன்தலையும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் புளியும் மிளகாயும் போட்டு நாங்கள் காய்ச்சுகிற கூழைப்போல் உலகத்தில் வேறொன்று இல்லை என்று நான் சொன்னேன். அவள் தன் ஊரிலும் நண்டைப் போட்டு, காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்து ஊற்றி, சோளமாவைக் கரைத்துத் தடிப்பாக்கி, வியர்க்க வியர்க்கக் குடிப்பார்கள் என்றாள். அப்பாவுக்கு அதுதான் உயிராம். எனக்கு மனதுக்குள் சுருக்கென்றது. "காய்ச்சித் தா பார்ப்பம்" என்றேன். "அது இரண்டு பேருக்குக் காய்ச்சுகிற சாமான் இல்லை அக்கா. ஆட்கள் வேண்டும்" என்றாள். கூழைப் பற்றி நானும் அதையேதான் சொல்லுவேன். இப்படியே வருடங்கள் போயின. அவள் என் கூழைக் குடிக்கவில்லை, நானும் அவளுடையதைக் குடிக்கவில்லை.

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை காலை அவள் என் கதவைத் தட்டினாள். வேலைக்குப் போகிற உடுப்போடு நின்றாள். அப்பா இறந்துவிட்டார் என்றாள். வலைக்காரர். கரையிலேயே, வலை காயப்போட்டுக்கொண்டிருக்கும்போது விழுந்தாராம். வெக்கையான ஊர் என்பதால் அடுத்த நாளே அடக்கம். எந்தப் பிளேனைப் பிடித்தாலும் போய்ச் சேரமுடியாது. அதோடு அவளுடைய வதிவிட அட்டை புதுப்பிக்கக் கொடுத்து இன்னும் கைக்கு வரவில்லை. போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை. இதை அவள் எனக்கு விளக்கத் தேவையே இருக்கவில்லை. லா சப்பலில் யாரைக் கேட்டாலும் இதைப்போல ஒரு கதை வைத்திருப்பார்கள். என் அம்மாவின் முகத்தையும் நான் தொலைபேசியில்தான் கடைசியாகப் பார்த்தேன்.

"இங்கே ஒன்பது மாலை செய்வேன் அக்கா" என்றாள். "எங்கள் ஊரில் அப்படித்தான். அடக்கத்துக்குப் பிறகு ஒன்பது மாலை வீட்டில் செபம். அப்பாவுக்கு இனி என்னால் செய்யக்கூடியது அது ஒன்றுதான். அதைச் சரியாகச் செய்யவேண்டும்."

நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். ஒன்பது மாலை என்றதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். எங்களுக்கு எட்டு, அவர்களுக்கு ஒன்பது, அவ்வளவுதானே. அவள் வேலைக்குச் சொல்லிவிட்டு வருவதற்குள் கார்ஜ் அக்காவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"ஐயோ பாவம்" என்றா அக்கா. "தேப்பன் எண்டால் சும்மாவே? பிள்ளை தனிய இருந்து என்ன செய்யும்? நான் இப்ப வாறன். அவளை அடுப்புக்குக் கிட்டப் போக விடாதை."

இந்த இடத்தில் எங்கள் சனத்தைப் பாராட்டத்தான் வேண்டும். அந்தப் பெண் யார், எந்த நாடு, எந்தச் சமயம் என்று ஒருவரும் கேட்கவில்லை. தேப்பன் செத்துப்போனார், பிள்ளை போக முடியவில்லை. அது போதும். ஒருவர் இடியப்பமும் சொதியும் கொண்டுவந்தார். ஒருவர் சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும். கடை முதலாளி ஒரு பெட்டி வாழைப்பழம் அனுப்பினார். கார்ஜ் அக்கா மல்லித்தண்ணிப் போத்தலோடு வந்து, நேராகக் குசினிக்குள் போய், அடுப்பைத் துடைத்து, அதன்மேல் ஒரு துணியை விரித்து மூடினா. அவள் ஒவ்வொரு தடவை எழும்பும்போதும் யாராவது தோளைப் பிடித்து இருத்தினோம். "மெர்சி, மெர்சி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சொல்லச் சொல்ல அவளுடைய முகம் வாடிக்கொண்டு போனது. துக்கம்தானே என்று நினைத்தோம்.

அப்பாவின் படத்தை ஒரு மேசையில் வைத்து, மெழுகுதிரி கொளுத்தி, ஒரு கிளாஸ் தண்ணீரும் கொஞ்சம் உப்பும் வைத்திருந்தாள். படத்தில் அவர் தோளில் வலையோடு கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். எங்கள் ஊர்க் கரையில் நின்றால் யாரும் வித்தியாசம் பிடிக்கமாட்டார்கள். மாலைகளில் செபம் சொல்ல, இரண்டாம் மாடியில் இருக்கும் புதுச்சேரி அம்மா வருவார். ஓய்வுபெற்ற ஆசிரியை, கத்தோலிக்கர். அவள் ஸ்பானிய மொழியில் செபமாலை சொல்ல, அவர் அதே செபத்தைத் தமிழில் திருப்பிச் சொல்லுவார். மொழி வேறாக இருந்தாலும் மணிகள் சரியாக ஒன்றாக நகர்ந்தன. செபம் முடிந்ததும் நாங்கள் கொண்டுபோன சாப்பாட்டை அவளுக்கு ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்துவிட்டு, எங்கள் வழக்கப்படி போய்வருகிறேன் என்று சொல்லாமல் எழுந்து வருவோம். செத்த வீட்டில் அப்படிச் சொல்லக்கூடாது. அங்கே ஒரு வாய் தண்ணீரும் குடிப்பதில்லை. வீட்டுக்கு வந்து முழுகிவிட்டுத்தான் மற்ற வேலை.

நான்காம் நாள் செவ்வாய்க்கிழமை. நேரத்தோடு சாப்பாடு கொண்டுபோய் வைப்பதற்காக அவள் தன் கதவுத் திறப்பை என்னிடம் தந்திருந்தாள். நானும் அக்காவும் உள்ளே போனோம். குசினியிலிருந்து அக்காவின் சத்தம் கேட்டது.

"இஞ்சை ஓடி வந்து பார் பிள்ளை! துடக்கு வீட்டிலை நண்டு!"

கழுவுதொட்டி நிறைய உயிர் நண்டு. ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. காலையில் சென் தெனிச் சந்தைக்குப் போய் வாங்கி வந்திருக்கிறாள். பக்கத்தில் ஒரு கோப்பையில் காய்ந்த மிளகாய் ஊறிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் வாங்கிய புத்தம்புதுப் பெரிய சட்டி ஒன்று அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது.

"துக்கத்திலை அவளுக்கு ஒண்டும் விளங்கேல்லை" என்றா அக்கா. "நாங்கள்தான் பாத்துச் செய்யவேணும். பாவம் வரப்போகுது."

அக்கா ஊறிய மிளகாயைக் கொட்டிவிட்டு, நண்டுகளை ஒரு பைக்குள் பிடித்துப் போட்டுக் கட்டி என் கையில் தந்தா. இதை என்ன செய்வது என்று கேட்டேன். உன்ரை மனுசனிட்டைக் குடு என்றா. என் மனுசன் முப்பது வருடமாகப் பிரெஞ்சுக்காரருக்குப் பிரெஞ்சுச் சாப்பாடு சமைக்கிறவர். அன்று அவருக்கு லீவு. முருங்கையிலை போட்டு ஒரு நண்டுக் கறி வைத்தார். நாங்கள் இருவரும் விரல் நக்கச் சாப்பிட்டோம். கறி அருமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

பின்னேரம் அவள் வேலையால் வந்தாள். நான் பிட்டும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்தவள் வழி விடவில்லை. வாசலில் குறுக்கே நின்றாள்.

"என் நண்டு எங்கே அக்கா?"

நான் சொன்னேன். உன் நன்மைக்குத்தான், சாவு வீட்டில் இதெல்லாம் கூடாது, அடுப்பே மூட்டக்கூடாது என்றேன்.

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "எங்கள் ஊரில் சாவு வீடுதான் சாப்பாடு போடும்" என்றாள். "ஒன்பது மாலையும் வீட்டுக்காரர் அடுப்பு மூட்டிச் சமைக்கவேண்டும். வருகிறவர்கள் சாப்பிடவேண்டும். கடைசி மாலை பெரிய சட்டி. இறந்தவரை எத்தனை பேர் மதித்தார்கள் என்பது சட்டி காலியாவதில்தான் தெரியும். நான் அவருடைய பெட்டியைத் தூக்கவில்லை. மண் போடவில்லை. எனக்கு மிச்சம் இருப்பது அடுப்பு மட்டும்தான். அம்மா ஒவ்வொரு நாளும் போனில் கேட்கிறா, இன்றைக்கு எத்தனை பேர் உன் கையால் சாப்பிட்டார்கள் என்று. நான் என்ன சொல்ல? வருகிறவர்கள் எல்லோரும் எனக்குச் சாப்பாடு தருகிறார்கள், என் வீட்டுத் தண்ணீரைக்கூடத் தொடுகிறார்கள் இல்லை என்று சொல்லவா?"

கதவைச் சாத்திவிட்டாள். பிட்டுப் பெட்டி என் கையிலேயே இருந்தது.

எனக்குக் கோபம்தான் வந்தது. நாலு நாளாக மாடு மாதிரி உழைத்தோம், இதுவா மரியாதை என்று வீட்டுக்குள் வந்து பொரிந்து தள்ளினேன். என் கணவர் நண்டு ஓடுகளைக் குப்பைப் பையில் கட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"உன்ரை கொம்மா செத்தநேரம் அவள் வந்து இஞ்சை நண்டு காய்ச்சியிருந்தா விட்டிருப்பியோ?" என்று கேட்டார்.

"விட்டிருப்பனோ! கட்டையாலை அடிச்சுக் கலைச்சிருப்பன்."

"அவள் உங்களை நாலு நாள் பொறுத்திருக்கிறாள்" என்றார். பையை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டார்.

அன்று மாலைச் செபம் முடிந்ததும் நானும் அவரும் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினோம். கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை. அவள் திறந்தாள். "கோப்பி தா" என்றேன். எங்களை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குசினிக்குள் போனாள். அக்கா விரித்த துணியை அவள் இழுத்து எடுத்ததை நான் இருந்த இடத்திலிருந்தே பார்த்தேன். கறுவாப்பட்டை போட்ட கோப்பி. செத்த வீட்டில் நான் குடிக்கிற முதல் வாய். கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். சாமி என்னைக் கேட்டால் பதில் சொல்ல எனக்குத் தெரியும்.

அடுத்த மாலைகளில் அவள் சமைத்தாள். சோளமாவைச் சோளச் சருகில் பொதிந்து அவித்து, எங்கள் இலைக் கொழுக்கட்டைக்குச் சொந்தக்காரன்போல ஒன்று தந்தாள். சாப்பிட்டது நாங்கள் இருவரும், புதுச்சேரி அம்மாவும், அவளோடு வேலை செய்கிற இரண்டு பெண்களும். சட்டியில் பாதி மிஞ்சியது. அவள் மூடி வைக்கும்போது யாரையும் பார்க்காமல் மூடினாள்.

ஒன்பதாம் மாலை ஞாயிற்றுக்கிழமை. நான் ஊர்ச்சனம் எல்லோருக்கும் போன் எடுத்தேன். செத்த வீட்டில் வந்து சாப்பிடச் சொல்லி ஆட்களைக் கூப்பிடுவது எப்படி இருக்கும் என்று எங்கள் ஆட்களுக்குத்தான் தெரியும். "என்ன விசர்க்கதை கதைக்கிறீர்" என்றார் ஒருவர். ஒருவருக்குக் கோயில் விரதம். ஒருவர், "கார்ஜ் அக்கா என்ன சொல்லுறா?" என்று கேட்டார். எல்லோரும் கடைசியில் அதைத்தான் கேட்டார்கள். அக்காவுக்குக் கடைசியாக எடுத்தேன். முழுவதையும் சொன்னேன், நண்டை எடுத்தது பிழை என்பதையும் சொன்னேன். அக்கா வழக்கமாகப் பேச்சை நடுவில் வெட்டுவா. அன்று வெட்டவில்லை. "பாப்பம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டா. எங்கள் ஊரில் பாப்பம் என்றால் பெரும்பாலும் மாட்டேன் என்றுதான் அர்த்தம்.

ஞாயிறு காலை என் கணவர் எங்கேயோ போய், ஒரு பெட்டி நண்டைக் கொண்டுவந்து எதிர்வீட்டு வாசலில் வைத்தார். "திண்ட நண்டுக்கு" என்றார். அவள் பகல் முழுக்கச் சமைத்தாள். மிளகாய் வறுக்கிற வாசம் எங்கள் வீட்டுக்குள் வந்து எங்களை இரும வைத்தது. மண்ணெண்ணெய் வாசம் அடிக்கிற ஒரு காய்ந்த இலையை அம்மா ஊரிலிருந்து அனுப்பியிருந்தாவாம், அதையும் போட்டாள். சோளமாவு உருண்டைகளை நடுவில் விரலால் குழித்து ஒவ்வொன்றாக இறக்கினாள். பெரிய சட்டி, நிறைய. ஐம்பது பேர் குடிக்கலாம்.

ஏழு மணிக்குச் செபம். தொடங்கும்போது நாங்கள் அதே ஐந்து பேர்தான். புதுச்சேரி அம்மா வேண்டுமென்றே மெதுவாகச் சொன்னார், ஆட்கள் வர நேரம் கொடுப்பதற்கு. மணிகள் எவ்வளவு மெதுவாக நகர்ந்தாலும் கடைசி மணி வந்துதானே ஆகவேண்டும். செபம் முடிந்தது. அவள் எழுந்து போய்ச் சட்டிக்குப் பக்கத்தில் அகப்பையோடு நின்றாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் சனத்தைப் பற்றி இவளிடம் எவ்வளவு அளந்திருக்கிறேன், அத்தனையும் என் முகத்தில் வந்து விழுந்ததுபோல இருந்தது.

அப்போது படியில் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. கார்ஜ் அக்கா. வாசலில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்செடுத்தா. "ரெயில் அரை மணித்தியாலம் நிண்டுட்டுது, அறுவான்" என்றா. பிறகு இரண்டு கையையும் விரித்து அவளுக்குக் காட்டினா. மல்லித்தண்ணிப் போத்தல் இல்லை. பை இல்லை. என் வாழ்க்கையில் அக்காவின் கைகளைச் செத்த வீட்டு வாசலில் வெறுமையாகப் பார்த்தது அன்றுதான்.

"ஒண்டும் கொண்டு வரேல்லை எண்டு சொல்லு பிள்ளை" என்றா என்னிடம். "சாப்பிட வந்தனான் எண்டு சொல்லு."

நான் பிரெஞ்சில் சொன்னேன். அக்கா திரும்பிப் படிப் பக்கம் பார்த்து, "என்ன நிக்கிறியள்? வாங்கோ உள்ளை" என்றா. அப்போதுதான் பின்னால் நிற்கிறவர்களைப் பார்த்தேன். நாலாம் மாடியிலிருந்து மூன்றாம் மாடி வரைக்கும் எங்கள் ஊர். என்னை விசர் என்றவர் நின்றார். கோயில் விரதக்காரர்கூடத் தாய்தகப்பனை அனுப்பியிருந்தார். ஒருவருடைய கையிலும் ஒரு பை இல்லை. வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போகத் தெரியாத சனம், கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றது.

"எட்டாம் நாள் வெள்ளிக்கிழமையோடை முடிஞ்சுது" என்று அக்கா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னா. "இனி மச்சம் சாப்பிடலாம். தேப்பன் விரும்பிச் சாப்பிட்ட சாமான். ஒருத்தரும் மிச்சம் விடக்கூடாது."

அவள் வார்த்தாள். கோப்பை போதவில்லை, எங்கள் வீட்டிலிருந்தும் புதுச்சேரி அம்மா வீட்டிலிருந்தும் எடுத்தோம். இருக்க இடமில்லாமல் குசினியிலும் படியிலும் நின்று குடித்தார்கள். நான் என் கோப்பையை வாயில் வைத்தேன். நண்டு, உறைப்பு, தடிப்பு, வியர்வை. கண்ணிலிருந்து நீர் வந்தது. அவள் அகப்பையோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பரவாயில்லை" என்றேன்.

ஒன்பது நாளில் முதல் தடவையாக அவள் சிரித்தாள். அக்கா இரண்டாம் தடவை கோப்பையை நீட்டினா. மூன்றாம் தடவையும் நீட்டினா. நண்டுக் காலை உறிஞ்சிக்கொண்டே, "புளி கொஞ்சம் விட்டிருந்தால் எங்கட கூழ்தான்" என்றா. அதைவிடப் பெரிய பாராட்டு அக்காவிடம் இல்லை. கடைசியில் என் கணவர் சட்டியைச் சரித்துச் சுரண்டி, மிச்சத்தைப் புதுச்சேரி அம்மாவுக்கு ஊற்றினார்.

சட்டி காலியானதும் அவள் போனை எடுத்தாள். அங்கே மத்தியானம். திரையில் அவளுடைய அம்மா கறுப்பு உடுப்போடு தெரிந்தா. பின்னால் வெயில், ஒரு தென்னை. அவள் காலிச் சட்டியைக் காட்டினாள். அம்மா ஏதோ கேட்டா. கேள்வி எனக்கு விளங்கியது, அந்த மொழியில் ஒரு சொல்லும் தெரியாமலேயே. எத்தனை பேர் என்றுதான் கேட்டிருப்பா.

அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். அதற்குள் எங்கள் ஆட்கள் பாதிப் பேர் வழக்கப்படி தலையைக் குனிந்துகொண்டு மறு அறைக்கும் மூலைக்கும் ஒதுங்கியிருந்தார்கள், போனில் முகம் காட்டக் கூச்சம். அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். போனை வெளியே நீட்டினாள். வாசலிலிருந்து என் வீட்டுக் கதவு வரைக்கும், பிறகு படி வழியே கீழே வளைந்து போகிற வரைக்கும் செருப்புகளும் சப்பாத்துகளும். கார்தியேன் அம்மாவும் அங்கேதான் நின்றார், கையில் ஒரு கோப்பையோடு. அவள் போனை மெதுவாக, ஒரு சோடியும் தவறிவிடாமல், படிக்குப் படி கொண்டுபோய்க் காட்டினாள். கடலுக்கு அப்பால் அந்த அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தா.

மூன்றாவது படியில், கார்ஜ் அக்காவின் தேய்ந்த கறுப்புச் சப்பாத்துக்குப் பக்கத்தில், வாசலிலிருந்து தள்ளுப்பட்டு வந்த என் செருப்பும் கிடந்தது.